கோரையின் பங்காளி

பதினோரு வருடமாய்
பாயான் லெப்பாஸ் பந்துத் திடலில்
கோரையைக் கொல்வதற்குச் சம்பளம் வாங்குகிறேன்.

புல்வெட்டி அதற்கு வெறும் முடிதிருத்தம்.
இன்று மழித்தால் நாளைக்கு
மற்றப் புல்லைவிட ஒரு விரற்கடை உயர்ந்து
வெளிர்பச்சையாய் நிற்கும்,
பதில் தெரிந்து கை தூக்கும் பையன் மாதிரி.
பிடுங்கினால் தாள் மட்டும் கையோடு வரும்.
மருந்தடித்தால்
மூன்று வாரம் செத்ததுபோல் கிடக்கும்.
"தெக்கிக்கு ரிட்டயர்மெண்ட் கிடையாது,
நமக்குத்தான்" என்பான் ஹலீம்.

ஆல்போல் தழைத்து
அருகுபோல் வேரோடி என்றுதானே
மணமேடையில் அரிசி தூவுகிறோம்.
கோரைபோல் என்று
ஒருத்தரும் தூவியதில்லை.
கோல்கம்பத்தை மாற்றக் குழி தோண்டியபோது
நான் பார்த்தேன்:
முடிச்சு, நூல், முடிச்சு, நூல்,
பூமிக்கடியில் ஒரு முழுச் சம்பந்தி வரிசை.

மார்ச் மாதக் கிளினிக்.
சர்க்கரை ஏழு புள்ளி ஒன்பது.
உணவு ஆலோசகர் சூன் யீ
காகிதத்தில் என் தட்டை வரைந்தார்.
பாதிக்கு மேல் சோறு, மீதியில் குழம்பு.
"நாருக்கு எங்கே போவீங்க?"
ரொட்டிச் சானாயில் நார் இல்லையென்பது
அன்றுதான் எனக்குத் தெரியும்.
அடுத்து ஒரு கேள்வி கேட்டார்.
நான் மின்விசிறியைப் பார்த்து
"மூணு நாளைக்கு ஒருக்கா" என்றேன்.
மின்விசிறி குறித்துக்கொள்ளவில்லை,
அவர் குறித்துக்கொண்டார்.

அப்படித்தான் புலாவ் தீக்குஸில்
குளிரூட்டிய அந்தக் கடைக்குள் போனேன்,
பூட்ஸில் திடல் மண்ணோடு.
சுருங்கிய பழுப்பு மணிகள்,
உடம்பெல்லாம் வரி.
டைகர் நட்.
கால் கிலோ இருபத்தெட்டு வெள்ளி.
"புலியும் இல்லை, கொட்டையும் இல்லை அங்கிள்,
கிழங்கு" என்றது கல்லாப் பெண்.
தன் தம்பிக்குக் கடலை பட்டாலே
உதடு வீங்குமாம்,
டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான்
இதைக் கொடுக்கிறார்களாம்.

பொட்டலத்தின் முதுகில் பொடி எழுத்து:
சைப்பரஸ்.
எனக்கு அந்தப் பெயர் தெரியும்.
என் களைக்கொல்லிப் போத்தலில்
யாரைக் கொல்வது என்ற பட்டியலில்
முதலாவதாய் நிற்கும் குடும்பப் பெயர்.

இருபத்தெட்டு வெள்ளி கொடுத்தேன்.

"பதினோரு வருசமாக் கொன்னதை
காசு கொடுத்து வாங்கிட்டு வந்தியா?"
பூவரசிக்குச் சிரிப்பு அடங்கவில்லை.
"இது அது இல்லை. பங்காளி."
"பங்காளின்னா இன்னும் மோசம்."

இரவு முழுக்க ஊறவைத்தோம்.
காலையில் மென்றேன்.
தேங்காய்க்கும் பாதாமுக்கும் நடுவில் ஓர் இனிப்பு,
கடைசியில் சக்கை,
மென்றும் தீராத சக்கை.
அதுதான் நார், அதைத்தான் விழுங்கவேண்டும்
என்று சூன் யீ போனில் சொன்னார்.
முப்பது கிராமில் எட்டு கிராம் நார் என்றது பொட்டலம்.
பிறகு மெக்னீசியம், கொஞ்சம் இரும்பு,
ஆலிவ் எண்ணெயின் சாயலில் ஒரு கொழுப்பு.
வாரக்கணக்கில் மருந்தடித்தும்
மறுபடி முளைப்பவன்
பட்டினிக்கென்று மண்ணுக்குள் என்ன சேர்ப்பான் என்று
நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

முதல் வாரம் பேராசையில் இரண்டு கைப்பிடி.
வயிறு ஊதி,
அன்று ஹலீம் என்னைவிட்டு நாலடி தள்ளியே
புல் வெட்டினான்.
பிறகு ஒரு சின்னக் கை, நிறையத் தண்ணீர்.
மின்விசிறியிடம் சொல்லும்படி
இப்போது ஒன்றுமில்லை.

பசும்பால் ஒத்துக்கொள்ளாத சின்னவள் யாழரசிக்கு
பூவரசி அதையே அரைத்து, வடிகட்டி
ஒரு பட்டைத் துண்டு போட்டுக் கொடுத்தாள்.
மேலுதட்டில் வெள்ளை மீசையோடு
"புலிப்பால்" என்றாள் பிள்ளை.

ஜூன். ஏழு புள்ளி நான்கு.
நான் பொட்டலத்தை எடுத்துக் காட்டினேன்.
"சோற்றைக் குறைச்சீங்க, நடக்கிறீங்க,
மாத்திரை ஒழுங்காப் போடுறீங்க.
எல்லாப் புகழையும் கிழங்குக்கே கொடுக்காதீங்க"
என்றார் சூன் யீ.
பங்காளிக்கு நியாயமான பங்கு
எவ்வளவென்று
எந்தக் கோர்ட்டுக்கும் தெரியாதுதான்.

இன்று காலை
கார்னர் கொடியடியில் மூன்று தாள்கள்,
வெளிர்பச்சை, கை தூக்கியபடி.
சனிக்கிழமை மாநில ஆட்டம்.
முதுகில் மருந்துத் தொட்டி,
சட்டைப் பையில் ஊறிய கிழங்கு ஒரு கைப்பிடி.

மென்றுகொண்டே தெளித்தேன்.
மூன்று வாரம் கழித்துப் பார்ப்போம்.