பதின்மூன்றாவது வேற்றுமை

தார்த்து நகரத்தில் இது என் நாலாவது மாதம்.
குளிர்சாதனப் பெட்டியில் இரண்டாம் தட்டு எனக்கு.
மேல் தட்டு ராய்வோவுக்கு.
காய்கறிப் பெட்டி சூராபுக்கு; ஜார்ஜியாக்காரன்,
காய்கறி வாங்கி நான் பார்த்ததில்லை,
அங்கே அவன் பாலாடைக்கட்டி உறங்குகிறது.

ராய்வோ என்னிடம் இதுவரை பேசியது ஒரே சொல்:
தெரெ. வணக்கம் என்று பொருள்.
ஒருமுறை என் துணிகள் துவைப்பு இயந்திரத்தில்
நேரம் கடந்தும் கிடந்தபோது
எல்லாவற்றையும் மடித்து என் கதவருகே வைத்திருந்தான்.
ஜட்டி உட்பட.
அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

செவ்வாயும் வியாழனும் மொழி வகுப்பு.
எங்களுக்குப் பதினான்கு வேற்றுமை என்றார் ஆசிரியை ஐவெ,
வீட்டில் பதினான்கு பூனை இருப்பதைச் சொல்பவர்போல.
எட்டுக்கே மூச்சு வாங்கியவன் நான்,
ஐ ஆல் கு இன் அது கண் என்று
ஒரே மூச்சில் ஒப்பித்து உட்கார்ந்தவன்.

பதின்மூன்றாவது: டா.
சொல்லின் வாலில் ஒட்டினால் 'இல்லாமல்'.
சுஹ்க்ருடா, சர்க்கரை இல்லாமல்.
ராஹடா, பணம் இல்லாமல்.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
வாடா போடா என்று தோளில் விழும் அந்த டா
இங்கே வந்து இப்படி ஆகிவிட்டதே.
பதினான்காவது: கா. 'உடன்'.
இல்லாமல் முடிந்த பிறகுதான் உடன் வருமாம்,
பாடநூலின் வரிசை அது.

விளி வேற்றுமை எங்கே என்று கேட்டேன்.
இல்லை என்றார்.
கூப்பிட வேண்டுமானால் பெயரை அப்படியே வைத்துவிடுவார்கள்,
மேசைமேல் சாவியை வைப்பதுபோல்.
சேந்தன் இங்கே சேந்தன்தான்.
ஞாயிறு மாலை கைபேசியில் மட்டும் சேந்தா.

பகலில் சதுப்பு நிலத்துக் கரிமண்ணைச் சலித்து எடைபோடுகிறேன்.
மூன்று இரவு ஓட்டலில் தட்டு கழுவுகிறேன்.
வாடகை கட்டிய மறுநாள் என் கணக்கு
இலக்கணச் சுத்தமாக ராஹடா.

பிப்ரவரியில் ஓர் இரவு, மூன்று மணி.
சூராப் பயறு வேகவைத்துவிட்டுத் தூங்கிப்போனான்.
தீ எச்சரிக்கை மணி அலறியதில்
ஐந்து மாடியும் இறங்கிப் பனியில் நின்றது.
மைனஸ் பதினெட்டு.
ஒருத்தி கையில் கற்றாழைத் தொட்டி.
ஒருவன் முகத்தில் பாதி சவரம் (அந்நேரத்தில் எதற்கு?).
சூராப் போர்வைக்குள் இருந்துகொண்டு
எல்லோரிடமும் தனித்தனியாக மன்னிப்புக் கேட்டான்,
தீயணைப்பு வண்டியின் ஓட்டுநரிடமும்.

நான் ரப்பர்ச் செருப்பில்.
கைகளை அக்குளில் செருகிக் குதித்துக்கொண்டிருந்தேன்.
பக்கத்தில் வந்து நின்றான் ராய்வோ.
என்னைப் பார்க்கவில்லை.
கரிந்த பயற்றின் புகை ஜன்னலில் வெளியேறுவதைப்
பார்த்தபடியே
இடது கையுறையைக் கழற்றி நீட்டினான்.
ஒன்றை மட்டும்.

உள்ளே அவன் கைச்சூடு இன்னும் இருந்தது,
யாரோ இப்போதுதான் எழுந்துபோன நாற்காலிபோல்.
நன்றி சொல்லும் சொல்லைத் தேடினேன்.
ஐத்தே, ஐத்தா? அதற்குள்
உள்ளே போகலாம் என்று விசில் ஊதிவிட்டார்கள்.

காலையில் கழுவுதொட்டியில் அடிப்பிடித்த பாத்திரம் ஊறிக்கொண்டிருந்தது.
ராய்வோ காப்பி குடித்துக்கொண்டிருந்தான். தெரெ என்றான்.
கையுறையைக் கேட்கவில்லை.
நானும் எடுத்துக் கொடுக்கவில்லை, ஏன் என்று தெரியவில்லை.
பாலத்தில் எனக்கு முன்னால் நடந்துபோனான்,
வலது கையில் உறை, இடது கை சட்டைப்பையில்.
பின்னால் நான், அதையே இடவலம் மாற்றி.
கீழே உறைந்த ஆறு.

வியாழன் வகுப்பில்
பதினான்காவதுக்கு ஓர் எடுத்துக்காட்டு கேட்டார் ஐவெ.
கிண்டகா என்று எழுதினேன். கையுறையுடன்.
நோட்டின்மேல் குனிந்து யோசித்தார்.
பிழையில்லை, ஆனால் யாரும் ஒருமையில் சொல்வதில்லை,
இரண்டு இருக்குமே, பன்மையாக்கு
என்று பென்சிலை நீட்டினார்.

வாங்கிக்கொண்டேன்.
திருத்தவில்லை.