முந்நூற்றுப் பதினேழு

செந்தூல் அச்சகத்தில்
கணக்குப் பயிற்சி நூல்களுக்கு நடுவே
மெலிந்த ஒரு கட்டு:
செமாய் மொழி, முதல் வகுப்பு.

ஸ்கேன் செய்தேன்.
சில சொற்களின் கடைசியில் சின்னச் சின்னக் கீறல்.
தூசியென்று
அத்தனையும் துடைத்தேன்.
வேலை சுத்தம் என்று முதலாளியிடம் பெயர் எனக்கு.

பிழை பார்க்கத் தாப்பாவிலிருந்து வந்தாள் ஜெனித்தா,
பா அலுஜின் மகள், ஆசிரியை.
நனைந்த குடையை மடக்கக்கூட இல்லை.
ஒரு சொல்லைச் சொன்னாள்.
முடிவில் தொண்டை சட்டென்று கதவடைத்தது.
மறுபடி சொன்னாள், அடைக்காமல்.
"இது எங்கள் வீட்டில் யாரும் பேசாத சொல்."

இங்கே எழுதிக் காட்டலாமென்றால்
அந்தக் கதவுக்குத் தமிழிலும் எழுத்தில்லை.

மலாயில் மன்னிப்புக் கேட்டேன்.
பெயர் கேட்டாள். புகழேந்தி என்றேன்.
கழுத்தட்டையில் உள்ளபடி வாசித்தாள்:
புகலேந்தி.
"உங்களையும் யாரோ துடைத்திருக்கிறார்கள்."

அவள் சொல்லச் சொல்ல
ஒவ்வொன்றாகத் திரும்ப வைத்தேன்.
போன வருடம் வகுப்பில் பதினான்கு பேராம்.
ஆண்டு முடிவில் ஐந்து.
மீதிப்பேர் மக்கு இல்லை,
பாடம் வேறு யாரிடமோ பேசிக்கொண்டிருந்தது,
அவர்கள் ஆற்றுக்குப் போய்விட்டார்கள்.
பள்ளி திறக்க இன்னும் பதினோரு நாள்.

முந்நூற்றுப் பதினேழு.
கடைசி எல்ஆர்டியும் போய்விட்டது.
நாற்பதாம் பக்கத்தில்
இன்னும் ஒரு கீறல்,
பக்கத்தில் சொல்லே இல்லாமல்.
இதை எங்கே வைப்பது என்றேன்.

மூலத்தாளை விளக்கடியில் பிடித்து
நகத்தால் சுரண்டினாள்.
உதிர்ந்தது.

அது மட்டும்
தூசி.