547 கெஜம்

கழிப்பறைக்கு 500 மீட்டர் என்று
செவ்வாயன்று நான் நட்ட பலகை
புதன் காலையில்
547 கெஜம் என்றது.
பெயின்ட் இன்னும் ஈரம்.
அவசரமாய் ஓடுகிறவனுக்கு
இரண்டும் ஒரே தொலைவுதான்.

மேலாளர் பிரிண்டில் புகைப்படத்தை
ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
"மாற்று, ஹாப்டே.
மறுபடி எழுதினால்
மறுபடி மாற்று."
சம்பளம் மணிக்கணக்கில் என்பதால்
எனக்கு மறுப்பு இல்லை.
நல்லவேளை, மணியை இன்னும்
யாரும் பத்தாகப் பிரிக்கவில்லை.

அடுத்த வாரம்
படகுத்துறை 200 போய் 219 வந்தது.
தேவாலயம் 90 போய் 98.
லிங்கன்ஷயர் கடலோரம் முழுக்க
ஒவ்வொரு கம்பமாக
ராத்திரியோடு ராத்திரியாக மதம் மாறியது.
நான் கால்குலேட்டரில் சரிபார்த்தேன்.
ஒன்றில்கூடப் பிழையில்லை.
வெறுக்கிற ஒன்றை
இத்தனை கச்சிதமாகத் தெரிந்துவைத்திருக்கும் ஆளை
அதுவரை நான் பார்த்ததில்லை.

மதுக்கடையில் கசாப்புக்காரர் கோப்
மேசையைத் தட்டினார்:
"ரோமானியன் வந்தான், டேனிஷ்காரன் வந்தான்,
நார்மன் வந்தான்.
இப்போது சென்டிமீட்டரா?"
அவர் கடைத் தராசு
கிலோவுக்கு மாறிப் பல வருடமாகிறது.
கதையை மட்டும்
பழைய முழத்தில் அளந்துகொண்டிருந்தார்.

சிரிக்க எனக்குத் தகுதியில்லை.
பெட்ரோலை லிட்டரில் ஊற்றி
மைலில் எரிக்கிற ஆட்கள் நாங்கள்.
என் மகள் பிறந்த அன்று
ஆஸ்பத்திரித் தராசு 3.1 என்றது.
ஹல்லிலிருந்து அக்கா போனில்,
"அப்படியென்றால் எவ்வளவு?" என்றாள்,
யாரோ மீன் விலை சொன்னதுபோல.
ஆறு பவுண்டு பதின்மூன்று அவுன்ஸ்
என்று நர்ஸைக் கேட்டுச் சொன்னேன்.
அப்புறம்தான் அழுதாள்.

அதே மகளுக்கு நவம்பரில் இருமல்.
மருந்துக்கடையில் மிஸ் தோர்ஸ்பி
ஊசியில்லாத சிரிஞ்சை உயர்த்திக் காட்டினார்:
"ராத்திரி இரண்டரை மில்லி.
ஸ்பூன் வேண்டாம். ஸ்பூன் பொய் சொல்லும்."
பிறகு புட்டியின் மேல்
திறந்த தேதியைப் பேனாவால் எழுதினார்: 17.

ஏழின் இடுப்பில் ஒரு குறுக்குக் கோடு.
கால்வாய்க்கு அந்தப் பக்கத்துப் பிள்ளைகள்
பள்ளிக்கூடத்தில் போடுவதுபோல.
கழிப்பறைப் பலகையில்
நான் சுரண்டி எடுத்த அதே ஏழு.

அவர் கட்டைவிரல் நகத்தைப் பார்த்தேன்.
வெள்ளை.
அவரும் பார்த்தார், நான் பார்த்ததை.
"அடுத்தவர்?" என்றார்.

பகலெல்லாம் மில்லிகிராமில் நிற்கும் பெண்
இரவில் ஏணியேறிக்
கெஜம் எழுதுவது எதற்கு?
அதைக் கேட்கும் வார்த்தை
என்னிடம் இல்லை.
காய்ச்சல் மருந்தில் ஒரு புள்ளி இடம் மாறினால்
என்ன ஆகும் என்று தெரிந்தவர்.
ஒருவேளை,
தவறினாலும் யாரும் சாகாத ஓர் அளவு
அவருக்குத் தேவைப்பட்டிருக்கலாம்.
இது என் ஊகம்தான்.

டிசம்பரில் ஊருக்கே ஃப்ளூ.
மருந்துக்கடை வாசலில் வரிசை,
ராத்திரி ஒன்பது தாண்டியும் விளக்கு.
மறுநாள் மணல்மேட்டுப் பாதையில்
350 மீட்டர் இருந்த இடத்தில்
338 கெஜம்.

முதல் தவறு.
இலக்கம் இரண்டும் இடம் மாறி உட்கார்ந்திருந்தன.
வேனில் என்னிடம் இரண்டு பெயின்டும் உண்டு,
பிரிண்டிலின் உத்தரவும் உண்டு.
வடகடல் காற்று காதை அறுக்க
கொஞ்சநேரம் நின்றேன்.
நாற்பத்தைந்து கெஜம் குறைவு.
யாராவது கிழவர் நம்பி நடந்தால்?

அழித்தேன்.
383 என்று எழுதினேன்.
அந்தக் கையெழுத்து என்னுடையதுபோலவே இல்லை.
வெள்ளிக்கிழமை அறிக்கையில்
மணல்மேட்டுப் பாதை: சேதம் இல்லை
என்று குறித்தேன்.

சனிக்கிழமை புட்டி தீர்ந்து போனேன்.
மிஸ் தோர்ஸ்பி புதியதை எடுத்துவைத்துத்
தேதி எழுதாமலே நீட்டினார்.
"இருமல் எப்படியிருக்கிறது?"
"பாதி குறைந்திருக்கிறது."
தலையாட்டினார்.
எதில் பாதி என்று கேட்கவில்லை.