லைன்ல இருங்க

பதினோராம் கொண்டை ஊசியில் வாசம் வந்தது.
எங்கோ காப்பிக்கொட்டை தீய்கிறதென்று
ஒரு வளைவுவரைக்கும் என்னை ஏமாற்றிக்கொண்டேன்.
பத்தில் கண்ணாடியை இறக்கியதும் தெரிந்துவிட்டது,
என் பின்சக்கரம்தான்.
அடிவாரத்தில் பாட்டில் தண்ணீரை ஊற்றினேன்.
இடது பின்பக்கம் மட்டும்
தோசைக்கல்லாகச் சொய்ங்கென்றது.

ஒர்க்‌ஷாப்பில் ஒன்பதாயிரம், அதுவும் வியாழன்.
திங்கள் எட்டரைக்கு நான் ஏற்காட்டில் இருந்தாக வேண்டும்,
எஸ்டேட்டில் கூலிப் பட்டுவாடா.
ஐந்து ரோட்டுக் கடையில்
பேட் ஒரு செட், ஹோஸ் இரண்டு, பிரேக் ஆயில் ஒரு லிட்டர்.
"மெக்கானிக் பேரு?" என்றார் பில் போடுகிறவர்.
தமயந்தி என்றேன்.

ஞாயிறு, சூரமங்கலம், வாடகை வீட்டு வாசல்.
முன்சக்கரங்களுக்குச் செங்கல் முட்டு,
ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, ஜாக்கி.
கழற்றிப் பார்த்தால்
வெளிப்பக்கத்துப் பேடில் பாதி மிச்சம்,
உள்பக்கத்தில் வெறும் இரும்பு.
எட்டிப் பார்க்கிறவர்களுக்குத் தெரிகிற பக்கம்
நன்றாகத்தான் இருந்திருக்கிறது.

பின்சக்கரத்துப் பிஸ்டன் நெட்டித் தள்ளினால் போகாது.
அழுத்திக்கொண்டே திருக வேண்டும், மூக்குத்தித் திருகாணிபோல.
இதைக் கண்டுபிடிக்க
முக்கால் மணி நேரமும் ஒரு கட்டைவிரல் நகமும் செலவு.

பழைய ஹோஸில் ஒரு கீறல் கிடையாது.
கம்பியை விட்டேன், நடுவில் முட்டி நின்றது.
உள்ளே ஊறி, வழி சுருங்கியிருக்கிறது.
மிதிக்கும்போது போகவிடும்.
காலை எடுத்த பிறகு திரும்ப விடாது.
நான் விட்டுவிட்டேன் என்று நினைத்த வளைவிலெல்லாம்
அது பிடித்துக்கொண்டே வந்திருக்கிறது.

புது ஹோஸைப் பூட்டினேன்.
இனி காற்றை எடுக்க வேண்டும்.
அதற்கு இரண்டு பேர் வேண்டும்.
ஒரு சேலம் பாசஞ்சர் போய், ஒரு கூட்ஸும் போனது.

மாடியிலிருந்து ரோசலின் மேடம் எட்டிப் பார்த்தார்.
வீடு அவருடையது, செங்கல் அவருடையது.
மோட்டார் போடும் நேரத்தில் மூண்ட சண்டை,
மூன்று மாதமாகப் பேச்சு இல்லை,
கதவிடுக்கில் சீட்டுதான்.
"அது என் டைல்ஸ்."
"துடைச்சிடறேன். ஒரு கால் வேணும்."
"என்னது?"
"உங்க கால். பெடலை மிதிக்க."

செருப்பை வெளியே விட்டுவிட்டுக் காரில் ஏறினார்,
யார் வீட்டுக்கோ வந்ததுபோல.

"அமுக்குங்க."
"ம்."
"பிடிங்க. விடாதீங்க."
நிப்பிளைத் தளர்த்தினேன்.
குழாய் வழியே பாட்டிலுக்குள்
கருப்பட்டிப் பாகுபோல ஏதோ, ஊடே குமிழ்.
இறுக்கினேன். "இப்ப விடுங்க."
"நடுவுல விட்டா என்ன?"
"காத்து உள்ள போயிடும். லைன் கெட்டுடும்."
"அதை முதல்லயே சொல்லக் கூடாதா?
இருபத்தொன்பது வருஷம் எக்ஸ்சேஞ்சுல
டிரங்க் போர்டு பார்த்தவ நான்."

அதற்குப் பிறகு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.
"பிடிச்சிருக்கேன், பேசுங்க" என்பார் உள்ளேயிருந்து.
நான் திருகுவேன்.
"ஆச்சா?"
"லைன்ல இருங்க."
காருக்கடியில் மல்லாந்தபடி
எனக்குச் சிரிப்பு வந்து, ஸ்பேனர் நழுவி,
நெற்றியில் விழுந்தது.

சோடாக் குமிழ், பிறகு கடுகு,
பிறகு ஒன்றுமில்லை, தேன் நிறத்தில் எண்ணெய் மட்டும்.
வலதுபக்கமும் அப்படியே.
"பஞ்சாட்டம் அமுங்குனது,
இப்ப படிக்கட்டாட்டம் நிக்குது" என்று இறங்கினார்.
காபி என்றேன்.
"வேலை கிடக்கு" என்று படியேறினார்.

திங்கள் மாலை இருபதிலிருந்து இறங்கினேன்.
பதினொன்றில் கண்ணாடியை இறக்கினேன்.
மழை நின்ற மண் வாசம், ஒரு குரங்கு, பின்னால் ஒரு பஸ்ஸின் அவசரம்.
அடிவாரத்தில் நிறுத்தி
இடது பின்சக்கரத்தில் புறங்கையை வைத்தேன்.
காய்ச்சல் விட்ட நெற்றிச் சூடு.

வீட்டுக் கதவில் சீட்டு:

மோட்டார் இனி ஆறு மணிக்கு.
டைல்ஸ் கறை போகவில்லை.
செங்கல் நான்கு. மூன்றுதான் இருக்கிறது.