மேசைக்கு அடியில்

பவுலிங் கூடத்துக்குக் கீழே எங்கள் நிலவறை.
மேலே யாரோ பத்துக் கட்டைகளையும் சாய்க்கும்போது
எங்கள் ஊரில் இடி இடிக்கும்.
மழை மட்டும் வராது.

நவம்பரிலிருந்து மல்லாந்து கிடக்கிறேன்.
முதுகுக்கு யோகா விரிப்பு, நெற்றியில் விளக்கு,
பல்லிடுக்கில் ஒரு சிவப்புக் கம்பி, ஒரு கருப்புக் கம்பி.
ஆட்களைக் காலணியால் அறிவேன்.
உப்பு பூத்த பூட்ஸ் என்றால் ஐனார் ஸ்டோர்விக்,
டுலூத் தெருக்களில் பனி கரையத் தூவியதையெல்லாம்
உள்ளே கொண்டுவந்து சேர்ப்பவர்.
வெல்க்ரோ பட்டை என்றால் ராஸ்கோ ப்ரூயிட்.
காலணியே இல்லாமல் சிவப்புக் காலுறை என்றால் மார்லிஸ்.
மரங்கள் அவள் பொறுப்பு. அறுநூறு வேண்டும்,
இருநூற்றுப் பதினொன்று ஆகியிருக்கிறது.

எண்பத்தேழில் ஒரு பங்கு,
காணிக்கும் கொஞ்சம் குறைந்த உலகம்.
அதற்கு ஒரு வருடம் வேண்டுமென்று வாக்கெடுத்தோம்,
ஐம்பத்தாறா, எழுபத்தெட்டா என்று.
நீராவி என்றார் ஐனார். டீசல் என்றார் ராஸ்கோ.
ஆறுக்கு ஐந்து. ஐம்பத்தாறு வென்றது.
அன்றிலிருந்து இருவருக்கும் நேர்ப்பேச்சு இல்லை.
"வெர்னா, அந்த ஆளிடம் சொல்,
அவருடைய பாலம் மூன்று மில்லிமீட்டர் உயரம்."
"வெர்னா, இந்த ஆளிடம் சொல்,
பாலம் சரிதான், அவருடைய பூமிதான் தாழ்வு."
சொல்லிவிட்டேன் என்பேன், கிடந்தபடியே.
இருவருக்கும் காது நன்றாகத்தான் கேட்கிறது.

அறை நடுவே ஒரு இரும்புத் தூண்.
எடுத்தால் பவுலிங் கூடம் எங்கள் தலையில்.
ஆகவே அதைச் சுற்றி மலை வந்தது,
கோழிவலை, பழைய செய்தித்தாள், பிளாஸ்டர்.
ஒரு தாளில் யாருடையதோ மரண அறிவிப்பு.
மார்லிஸ் அதைக் கிழிக்கவில்லை,
உள்பக்கமாகத் திருப்பி ஒட்டினாள்.
அதற்குமேல் மரம் வைக்கவும் இல்லை.

பிப்ரவரி. தாதுவண்டிகள் முப்பத்திரண்டு.
ஏரிக்கரை மேடையில் கொட்டிவிட்டு
ஒரு வளையம் சுற்றி வந்த தடத்திலேயே திரும்ப வேண்டும்.
அங்கேதான் நின்றது. ஒவ்வொரு முறையும் அங்கேதான்.
பாலத்தின் கோளாறு. இல்லை, பூமியின் கோளாறு.
ரெண்டும் இல்லை என்றேன்.
போன வழியே திரும்பி வந்தால்
இடது தண்டவாளம் வலதைப் போய்த் தொடும்.
மின்சாரம் தன் முகத்திலேயே மோதிச்
செத்துப்போகும்.
நான்கு இடத்தில் வெட்ட வேண்டும்,
ஒரு காகிதம் நுழையும் அகலத்துக்கு.

கீழிருந்து தட்டி இடம் காட்டினேன்.
மேலே ஒருவர் பிடிக்க வேண்டும், ஒருவர் அறுக்க வேண்டும்.
அந்த நேரம் பார்த்துக் கூடத்தில் வேறு காலணிகள் இல்லை.
"வெர்னா, நடுங்காமல் பிடிக்கச் சொல்."
"வெர்னா, நடுங்குவது என் கை இல்லை, ரம்பம்."
கம்பித் துளை வழியே வெள்ளித் தூள்
என் மூக்குக் கண்ணாடிமேல் பொழிந்தது.
நான்காவது வெட்டில் இருவரும் எதுவும் சொல்லவில்லை.

ஓடியது.
நான் பார்க்கவில்லை. பலகைக்கு மேலே முப்பத்திரண்டு வண்டி
என் நெற்றியிலிருந்து மார்புக்கு,
மார்பிலிருந்து முழங்காலுக்கு,
அங்கே கொஞ்சம் வளைந்து யோசித்து
முழங்காலிலிருந்து மறுபடி நெற்றிக்கு.
காலணிகள் அதன் பின்னாலேயே நகர்ந்தன.
வெல்க்ரோ பூட்ஸை மிதித்தது.
பூட்ஸ் விலகவில்லை.

"எழுபத்தெட்டில் இன்னும் நன்றாக ஓடியிருக்கும்."
ராஸ்கோவின் குரல்.
அந்த வாக்கியத்தில் வெர்னா இல்லை.

என்ன பதில் வருகிறதென்று கேட்க
அவசரமாக எழுந்தேன். குறுக்குச்சட்டத்தில் தலை.
ஊரில் நிலநடுக்கம்.
விளக்குக் கம்பங்கள் ஆடி ஓய்ந்தன.
முடிதிருத்தகத்துக்கு வெளியே
தொப்பி போட்ட ஒருவர் விழுந்துகிடக்கிறார்.
பெரியவர்கள் இருவரும் சத்தமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்,
அவரை இன்னும் யாரும் தூக்கி நிறுத்தவில்லை.