மட்டம்

வியாழன் இரவு எட்டரை.
ஜாலான் புசார், மூன்றாம் மாடி.
கீழே தண்ணீர்க்குழாய் விற்கிற கடை
கதவிறக்கிய பிறகு
மேலே நாங்கள் படியேறுவோம்.
இந்தக் கட்டடத்துக்கு மின்தூக்கி கிடையாது.
பகலெல்லாம் மின்தூக்கி பழுதுபார்க்கிறவன்
மடிக்கணினியும் இரண்டு ஒலிபெருக்கியும் சுமந்து
மூச்சிரைக்க ஏறுவதைப் பார்த்து
ருஸ்னா சிரிப்பாள்.
ஒவ்வொரு வாரமும் அதே சிரிப்பு, அதே படி.

முதல் ஒரு மணி நேரம் நல்ல பிள்ளையாக இருப்பேன்.
கரகரப்பு நீங்காத பழைய பதிவுகள்.
நிமிடத்துக்கு இருநூறு தட்டு,
ட்ரம்ஸ்காரரை நாய் துரத்துகிற வேகம்.
கெர்வின் தியோவின் கால்கள்
தரையில்தான் இருக்கின்றனவா என்று
குனிந்து பார்க்க வேண்டியிருக்கும்.
ஆறு பேர் ஆடுவார்கள்.
இருபத்து மூன்று பேர்
சுவரைத் தாங்கிக்கொண்டு நிற்பார்கள்,
முதுகை எடுத்தால் இடிந்துவிடும் என்பது போல.

நேற்றும் அப்படித்தான்.
அப்போதுதான் அதைப் போட்டேன்.
எதை என்று கேட்காதீர்கள், பெயர் சொன்னால் மானம் போகும்.
பதினாறு பேர் வாசிக்கிற பிக் பேண்டின் தலையில்
நாற்பது வயலின்களைக் கவிழ்த்து ஊற்றி,
சாக்ஸபோன்கள் வரிசையாகப் பெருமூச்சு விட,
நடுவில் ஒரு கூட்டம்
சொல் கிடைக்காமல் பப்பப்பா பப்பப்பா என்று
பல் தெரியச் சிரித்தபடி பாட,
கெட்டிப்பால் டின்னின் அடியை
விரலால் வழித்த தித்திப்பு.

கெர்வின் ஆட்டத்தை நிறுத்தித் திரும்பினான்.
தே ஓ கோசோங் குடிக்கிறவன்,
பிறந்தநாள் கேக்கிலும் கிரீமை ஒதுக்குகிறவன்.
மேசையருகே குனிந்து
மரியாதையாகத்தான் சொன்னான்:
"மாசிலா, இது லிஃப்டுல போடுற பாட்டு."

தெரியும்.
அந்தப் பெட்டிகளின் உச்சியில்
கிரீஸ் கையோடு உட்கார்ந்திருப்பவன் நான்தானே.
பதினோரு வருடம், ஒரே பேரங்காடி.
காற்றுத்துளை வழியே
மனிதர்களை உச்சந்தலைகளாக மட்டுமே அறிவேன்.
ஒருவரும் அந்தப் பாட்டைக் கேட்பதில்லை.
ஒரே ஒருமுறை,
நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவே
பெட்டி நின்றுபோய், நாற்பது நிமிடம்.
உள்ளே மீன்வாளியோடு ஒருவர்,
சீருடையில் இரண்டு பையன்கள், ஒரு கர்ப்பிணி.
"பயப்படாதீங்க" என்று மூன்று மொழியில் கத்தினேன்.
என் குரலில்தான் முதலில் நடுக்கம்.
வயலின்கள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன.
பையன்களில் ஒருவன் பப்பப்பாவுக்குப் பதிலாக
சொந்த வரிகள் போட்டான். கெட்ட வரிகள்.
மீன்வாளிக்காரர் சிரித்து
தண்ணீர் தளும்பிய சத்தம்
எனக்கு மேல்வரை கேட்டது.

இதைக் கெர்வினிடம் சொல்லவில்லை.
"மூணு நிமிஷம் பொறுத்துக்கோ" என்றேன்.

சுவரிலிருந்து முதலில் பிரிந்தவள் மெய் சியூ.
பகல் முழுக்க வார்டில் நடந்த தாதி,
இரண்டு குதிகாலிலும் பிளாஸ்திரி.
ஆறு வாரமாகக் கைகட்டி நின்ற
கணக்காளர் வைரக்கண்ணு
ரசீது நீட்டுவது போலக் கையை நீட்டினார்.
முதல் அடி தவறியது.
இரண்டாவதும்.
நிதானமான பாட்டு, அது அவர்களுக்காக
மூலையில் நின்று காத்திருந்தது.
பிறகு எங்கிருந்தோ நான்கு ஜோடி.
பிறகு மின்விசிறிக்குக் கீழே இடமில்லை.
ஒருத்தர் காலை ஒருத்தர் மிதித்து
சாரி, சாரி,
அதுவும் தாளத்தில் விழுந்தது.
சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

கெர்வின் வெளியே போய் நின்றுகொண்டான்.
பதினொன்றரைக்கு, கடைசி ரயிலுக்கு முன்,
கேட்காமலேயே ஒரு ஒலிபெருக்கியைத் தூக்கினான்.
இரண்டாம் மாடித் திருப்பத்தில்
"அந்த டிராம்போன் மட்டும் பரவாயில்லை."
அதற்குமேல் பேசவில்லை.
நானும் பிடித்து இழுக்கவில்லை.

இன்று காலை பேரங்காடியில்
மூன்றாம் எண் பெட்டி
தரைக்கு நான்கு மில்லிமீட்டர் கீழே நிற்கிறது.
கண்ணுக்குத் தெரியாது.
சக்கர நாற்காலிக்குத் தெரியும்,
தூக்கக் கலக்கத்தில் வருகிற காலுக்குத் தெரியும்.
மண்டியிட்டுச் சரிசெய்து,
இறக்கி, ஏற்றி, மறுபடி இறக்கி,
விளிம்பை விரலால் தடவிப் பார்க்கிறேன்.
தள்ளுவண்டியோடு காத்திருந்த அம்மா
கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்கிறார்:
"இவ்வளவு நேரம் என்னதான் செஞ்சீங்க?
முன்ன மாதிரியேதானே இருக்கு."