ஓரடி பின்னால்

நீடாமங்கலத்தில் கேட் சாத்திவிட்டால்
நான் எதையும் பதிவு செய்ய முடியாது.
நெல் ஏற்றிய கூட்ஸ் நகரும்வரை
தஞ்சாவூர் பஸ், திருவாரூர் பஸ், சவுக்கு லாரி
எல்லாம் ஹாரனில் கை வைத்திருக்கும்.
அதனால் தையல்நாயகியை
ராத்திரி பதினொன்றரைக்கு வரச் சொன்னேன்.

உரக்கடை மாடி.
சுவரெல்லாம் யூரியாச் சாக்கு, உள்ளே வைக்கோல்,
எதிரொலியைத் தின்பதற்கு.
வைக்கோலை எலி தின்கிறது, அது வேறு கணக்கு.

ரைஸ்மில்லிலிருந்து நேரே வந்திருந்தாள்,
புருவத்தில் தவிடு.
மைக்கைச் சுற்றிப் பார்த்துவிட்டு
"மெதுவாச் சொன்னாலும் இதுக்குக் கேக்குமா?" என்றாள்.
மெதுவாகச் சொன்னால்தான் நன்றாகக் கேட்கும் என்றேன்.
அன்றைக்கு அது பொய்யில்லை.

மகன் திருப்பூர் போன பாட்டு. அவளே கட்டியது.
மூன்றாம் வரியில், பஸ் கிளம்புகிற இடத்தில்,
யாரும் சொல்லாமல்
மைக்கை விட்டு ஓரடி பின்னால் போனாள்.
திரையில் அலைக்கோடு
வைகாசி வெண்ணாறாக இளைத்து
மணலில் ஓர் ஈரக்கீற்றாய் ஓடியது.
கடைசி வரிக்குத் திரும்பி வந்தவள்
தொண்டையைத் திறந்தாள்:
மூணாறு தலைப்பில்
எல்லா ஷட்டரையும் ஒன்றாகத் தூக்கியதுபோல.
ஊசி சிவப்பைத் தொட்டது. ஒரே ஒருமுறை.

மறுநாள் கலியமூர்த்தி கேட்டார்.
சவுண்ட் சர்வீஸ், பென்டிரைவ் வியாபாரம்,
நாற்பத்திரண்டு பஸ்ஸில் அவர் பாட்டு.
"என்னங்க, பூனை நடக்குறாப்ல இருக்கு?
முந்தின பாட்டு ஆளை அடிக்கும்.
அடுத்து இது வந்தா
பொட்டி ரிப்பேருன்னு டிரைவர் தட்டுவான்."
இன்ஜினுக்கும் கண்டக்டர் விசிலுக்கும் நடுவில்
யார் காதில் விழும் அந்த ஓரடி?
அவர் சொன்னதில் தப்பில்லை.

லிமிட்டரைத் திறந்தேன்.
பரம்படிப்பது எனக்குத் தெரியும்.
மேட்டைத் தள்ளிப் பள்ளத்தில் போட்டால்
தண்ணீர் ஒரே மட்டமாய் நிற்கும், நாற்றுக்கு நல்லது.
பாட்டில் எது நிற்க வேண்டும் என்று
அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.
உச்சியைச் சீவினேன். அடியைத் தூக்கினேன்.
நாலு டெசிபல். ஆறு. ஒன்பது.
சூளையில் அடுக்கிய செங்கல்லாய் நின்றது அலைக்கோடு.
"இப்ப வந்துச்சு பாருங்க" என்றார்.

வந்ததுதான். அவள் மட்டுமா?
மூச்சு வந்தது, வளையல் வந்தது,
சாக்குக்குள் எலி வந்தது,
கொல்லைப்பக்கம் யாரோ குறுவைக்கு ஓட்டிய மோட்டார்,
முதல் பதிவில் இருந்ததே தெரியாது,
அவள் தோளை உரசி நின்று கூடவே பாடியது.

வெள்ளிக்கிழமை வந்து
ஹெட்போனை மாட்டிக்கொண்டாள் தையல்நாயகி.
மூன்றாம் வரி வந்ததும்
அன்று நின்ற இடத்தைப் பார்த்தாள், தரையை.
"நான் தள்ளியில்ல போனேன்?"
ஆமாம்.
"யாரு என்னைய இழுத்தாந்தது?"
பஸ்ஸில் கேட்கணும்ல, என்றேன்.
கொஞ்சநேரம் பேசவில்லை.
"திருப்பூர் போற வண்டியில போடுவாங்களா?"
போடுவார்கள் என்றேன், தெரியாமலே.
"அப்ப சத்தமாவே இருக்கட்டும்."
ஐந்நூறு ரூபாயை எண்ணாமல் முடிந்துகொண்டு
கேட் சாத்துவதற்குள் ஓடினாள்.

அவள் போனபின் இன்னொரு தடவை ஓட்டினேன்.
மூன்று நிமிஷம் பன்னிரண்டு விநாடியில்
த்ரீபேஸ் கரண்டு போயிருக்கிறது.
மோட்டார் நிற்கிறது.
இத்தனை செங்கல்லுக்கு நடுவில்
ஒரு கை நுழைகிற பொந்து.
இப்போது இந்தப் பாட்டில்
மைக்கை விட்டுத் தள்ளிப் போவது
அது ஒன்றுதான்.